அழக்கூடாத பிள்ளை

புங்கங்கொல்லையில் எந்த வீட்டுக் குழந்தை அழுதாலும் கெங்கம்மாளின் வலது கை தானாக எழும். களி கிண்டிக்கொண்டிருந்தாலும் சரி, சாமை புடைத்துக்கொண்டிருந்தாலும் சரி, வேலை பாதியில் நின்றுவிடும். நாலு விரலும் ஒன்றாகச் சேர்ந்து, எதையோ அமுக்கப் போவது போல் கை முன்னால் நீளும். அப்புறம் அவளே அதைப் பார்த்துவிட்டு, "த்தூ, இந்தக் கைக்கு இன்னும் புத்தி வர்ல" என்று திட்டி மடியில் போட்டுக்கொள்வாள். எண்பத்தைந்தாம் வருஷத்திலும் அப்படித்தான். அவள் மகன் சின்னராசுவுக்கு அதற்குள் பத்து வயது. மரத்துக்கு மரம் தாவுகிற வானரம். அம்மாவின் கை எதற்கு அப்படி நீளுகிறது என்று அவனுக்குத் தெரியாது. பயலுக்கு வெட்கம் வந்துவிடும் என்று தெரிந்தவர்களும் சொல்லவில்லை.

நமக்கு என்ன வெட்கம்? சொல்லிவிடலாம்.

கெங்கம்மாள் பிறந்தது நெல்லிவாசல்நாட்டில். வாழ்க்கைப்பட்டது புங்கங்கொல்லையில், தீர்த்தகிரிக்கு. ஊர் என்றால் மலைமேல் பதினெட்டு வீடு. சாமையும் கேழ்வரகும் விதைத்துக்கொண்டு, மாசி பங்குனியில் புளி உலுக்கிக்கொண்டு, போளூர்ச் சந்தைக்கு எப்போதாவது போய் வருகிறவர்கள். அடிவாரத்துக்கு இறங்க மூன்று மணி நேரம், ஏற நாலரை. தீர்த்தகிரி நல்ல மனுஷன்தான். எந்தப் புளியமரம் எந்த வருஷம் காய்க்கும் என்று கேட்டால் மரத்தைப் பார்க்காமலே சொல்லுவான். வீட்டு விஷயத்தில் ஒரு முடிவு கேட்டால் மட்டும் வாயில் கொழுக்கட்டை. முடிவைக் கெங்கம்மாள் எடுக்க வேண்டும். எடுத்த பிறகு, "நானும் அதத்தான் நெனைச்சேன்" என்பான்.

மூத்தது மாணிக்கம்மாள். அடுத்த ஒன்று தங்கவில்லை. அதற்குப் பிறகு பிறந்தவன் சின்னராசு. எட்டாம் மாதத்தில் ஒரு நாள் குளிப்பாட்டும்போது பயல் வீல் வீலென்று கத்த, வலது தொடை மடிப்புக்கு மேலே எலுமிச்சங்காய் அளவில் ஒரு புடைப்பு கிளம்பிற்று. கெங்கம்மாள் பயந்துபோய் விரலால் அமுக்கினாள். 'குளுக்' என்று ஒரு சத்தம். புடைப்பு உள்ளே போய்விட்டது. மறுபடி அழுதான், மறுபடி வந்தது.

அந்த ஊரில் சுளுக்கு, பூச்சிக்கடி எல்லாவற்றுக்கும் ரங்கன்தான் கதி. அவன் வந்து பார்த்தான். "இது குடல் எறக்கம்" என்று சொல்லி, ஒரு செப்புக் காசைத் துணியில் முடிந்து, பிள்ளையின் அரைஞாண் கயிற்றில் கோத்து, புடைப்பு வருகிற இடத்தில் அழுந்தும்படி இறுக்கிக் கட்டினான். காசு நல்ல காசுதான். பயல் சிரித்துக்கொண்டிருக்கும் வரை தன் வேலையைப் பார்த்தது. அவன் அழ ஆரம்பித்தால் போதும், குடல் அதை ஒதுக்கித் தள்ளிவிட்டு இறங்கிவிடும்.

ஆகவே கெங்கம்மாள் வீட்டில் ஒரே ஒரு சட்டம் போட்டாள். இவன் அழக்கூடாது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். அந்த வீட்டில் பிள்ளை உதட்டைப் பிதுக்குவதற்கு முன்னாலேயே பாலும் வெல்லமும் சுட்ட பலாக்கொட்டையும் வந்து நின்றன. இடுப்பு வேண்டுமா, இடுப்பு. தோள் வேண்டுமா, தோள். கொல்லையில் களை எடுக்கும்போதும் முதுகில் கட்டிக்கொண்டுதான் எடுத்தாள். அப்படியும் அழுதுவிட்டால், நாலு விரலும் போய் அமுக்கும். 'குளுக்'கென்று கேட்கும்வரை அவளுக்கு மூச்சு வராது.

பக்கத்து வீட்டுப் பெரியம்மாளுக்கு இதெல்லாம் வேடிக்கை. "ஏன்டி கெங்கா, உன் மவன் இன்னா போளூர் தாசில்தாரா? நாய் கொலைச்சா நாயக் கட்டச் சொல்றே, சேவல் கூவுனா சேவலக் கவுக்கச் சொல்றே?" என்பாள். சொல்லுவாளே தவிர, நாயைக் கட்டத்தான் செய்தாள், சேவலைக் கூடை போட்டுக் கவிழ்க்கத்தான் செய்தாள். ஊரே அந்தப் பயலுக்குப் பயந்து கிடந்தது.

இதில் நசுங்கியவள் மாணிக்கம்மாள். அவளிடம் ஒரு காலிப் பவுடர் டப்பா இருந்தது. அப்பன் போளூரில் இருந்து கொண்டுவந்து கொடுத்தது. அதில் பளபளப்பான புளியங்கொட்டைகளாகப் பொறுக்கிச் சேர்த்து வைத்திருந்தாள். தம்பி கை நீட்டினால் அதைக் கொடுத்துவிட வேண்டும். அவன் கொட்டினால் பொறுக்கி, மறுபடி கொட்டக் கொடுக்க வேண்டும். அவளும் அழக்கூடாது, அக்காள் அழுதால் தம்பியும் சேர்ந்து அழுவான் இல்லையா? "வாய மூடு, தம்பி அழுதுடுவான்" என்று ஒரு தரம் சொன்னாள் அம்மா. ஐந்து வயதுப் பெண் வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அழுது யாரும் பார்க்கவில்லை. எவ்வளவு சமர்த்துப் பெண் என்று ஊரே மெச்சியது. சமர்த்தாவது மண்ணாங்கட்டியாவது!

ஆஸ்பத்திரிக்கே போகாமல் இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். பயலுக்கு இரண்டு வயது நடக்கும்போது ஆடி வெள்ளிக்குப் படவேட்டுக்கு இறங்கினார்கள். அம்மனைக் கும்பிட்டுவிட்டு, அப்படியே அடிவாரத்து மிஷன் ஆஸ்பத்திரிக்கும் போனார்கள். அங்கேதான் கெங்கம்மாள் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

மலைக்காரர்களுக்கு ஒரு பழக்கம். பெரிய மனுஷர் முன்னால் எதையும் அலங்கோலமாகக் கொண்டுபோய் வைக்க மாட்டார்கள். புளி கொடுத்தால் கூடக் கோது நீக்கி, கொட்டை எடுத்து, உருண்டை பிடித்துத்தான் கொடுப்பார்கள். வரிசையில் நிற்கும்போது பயல் சிணுங்கி, புடைப்பு எட்டிப் பார்த்தது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? அவனைத் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் தூக்கிக்கொண்டு போய், புடைப்பை அமுக்கி உள்ளே வைத்து, துடைத்து, தலை வாரி, வாயில் ஒரு பெரிய வெல்லக்கட்டியை அடைத்து, சிரித்த முகமாக டாக்டரிடம் கொண்டுபோய் நிறுத்தினாள். பார்க்க வேண்டியதை ஒளித்துவிட்டுப் பார்க்கச் சொன்னால், அந்த மனுஷர் எதைப் பார்ப்பார்?

டாக்டர் செல்வநாதன் அமுக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். பயல் வெல்லத்தைச் சப்பிக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தான். "என்னம்மா கஷ்டம் குழந்தைக்கு?" என்று கேட்டார். அவ்வளவு உயரமான வெள்ளைச் சட்டையைக் கிட்டத்தில் பார்த்ததும் கெங்கம்மாளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "எப்பனாச்சும் வீங்கும் சாமி. இப்ப நல்லாத்தான் கீறான்" என்றாள். பின்னால் அறுபது பேர் நின்றார்கள். "வீங்கினா உடனே கொண்டாங்க" என்று அனுப்பிவிட்டார். தீர்த்தகிரிக்கு ஒரே சந்தோஷம். வீக்கமோ மலைக்கு மேலே வரும், டாக்டரோ மலைக்குக் கீழே இருப்பார் என்று அவனுக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

எழுபத்தெட்டாம் வருஷம் மாசி மாதம். தீர்த்தகிரி புளியமரத்தின் மேலே நின்று கிளையை உலுக்கினான்; கெங்கம்மாள் கீழே பொறுக்கினாள். விடிந்து இரண்டு நாழிகை கூட ஆகவில்லை. உதிர்ந்த பழத்தோடு செவ்வெறும்புக் கூடு ஒன்றும் விழுந்து, சின்னராசுவின் தொடையில் ஏறிவிட்டது. எறும்புக்குச் சட்டம் தெரியுமா? பயல் கத்தின கத்தில் மேலே இருந்தவன் பாதி மரத்தில் இருந்து குதித்தான்.

எறும்பைத் தட்டிவிட்டாயிற்று. வெல்லம் கொடுத்தாயிற்று, துப்பினான். டப்பாவைக் கொடுத்தாயிற்று, எறிந்தான். கெங்கம்மாளின் விரல் நாலும் போய் அமுக்கின. 'குளுக்' வரவில்லை. இன்னொரு தரம் அமுக்கினாள். புடைப்பு கல்லாக இருந்தது, தொட்டாலே அலறினான். கொஞ்ச நேரத்தில் குடித்த பாலெல்லாம் வாந்தியாக வந்தது. இரண்டு வருஷமாக எதற்குப் பயந்தாளோ அது வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

ரங்கன் சூட்டுக்கோலைக் காய்ச்சி எடுத்துக்கொண்டே வந்தான். "வீக்கத்து மேல ஒரு சூடு. தானா ஏறிடும்" என்றான். தீர்த்தகிரி பெண்டாட்டி முகத்தைப் பார்த்தான்.

கெங்கம்மாள் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு எழுந்தாள். "அண்ணா, உன் காசு கட்னேன். இது வேணாம். இவன் ஏற்கெனவே துடிக்கறான், இதுல நெருப்பு வேறயா? என்மேல வை, அவன்மேல வெக்காத. நான் கீழ கொண்டுபோறேன்."

"நானும் அதத்தான் நெனைச்சேன்" என்றான் தீர்த்தகிரி.

ரங்கனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூங்கிலில் புடவையைக் கட்டித் தூளி போட்டதும், கோலைத் தூர எறிந்துவிட்டுப் பின்பக்க மூங்கிலைத் தோளில் வாங்கியவன் அவன்தான். பிள்ளையைத் தூளியில் போடும்போது தீர்த்தகிரி கால் முன்னால் வருகிற மாதிரி வைத்துவிட்டான். "டேய், திருப்பிப் போடுறா! பொணந்தான் கால் முன்னால போவும். உசுரோட கீற புள்ளைக்குத் தலை முன்னால!" என்று அதட்டித் திருப்பினான் ரங்கன். அதனால் தூளி இறங்கின வழியெல்லாம் பிள்ளையின் தலை தாழ்ந்தும் கால் உயர்ந்தும் இருந்தன.

மாணிக்கம்மாள் டப்பாவைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு கூடவே ஓடி வந்தாள். யாரும் அவளை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

பாதி வழியில் அழுகை நின்றுவிட்டது. கெங்கம்மாள் நின்றுவிட்டாள். இதற்கு முன் ஒன்றைப் பறிகொடுத்தவள் அல்லவா? "எறக்குங்க" என்றாள். பாறை மேல் இறக்கி, துணியை விலக்கிப் பார்த்தாள். பயல் அழுது களைத்து மூச்சு சீராகத் தூங்கிக்கொண்டிருந்தான். தொடை மடிப்பைத் தொட்டாள். புடைப்பு இல்லை.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று தீர்த்தகிரி அப்படியே உட்கார்ந்துவிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "போச்சும்மே! ஆத்தா காப்பாத்திட்டா. வா, வூட்டுக்குப் போவலாம். வெய்யில் ஏறதுக்குள்ள போய்ச் சேர்ந்துடலாம்."

அவன் சொன்னதில் தப்பில்லை. சந்தோஷப்படவேண்டிய நேரம்தான். ஆனால் கெங்கம்மாளுக்கு மேலே இருந்த ஊரைப் பார்க்கவே பயமாக இருந்தது. அங்கே போனால் நாளைக்கும் நாயைக் கட்ட வேண்டும், சேவலைக் கவிழ்க்க வேண்டும், நாலு விரலையும் தயாராக வைத்துக்கொண்டு உறங்க வேண்டும். ஒரு எறும்பு, ஒரு முள் போதும். அடுத்த தரம் வழியில் ஏறிக்கொள்ளும் என்று யார் கண்டது?

"நீ வேணா போ. நான் எறங்கறேன்" என்று பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இந்தத் தடவை அவன் 'நானும் அதத்தான்' என்று சொல்லவில்லை. தூளி மூங்கிலைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தான்.

ஆஸ்பத்திரியில் கிருபாவதி என்ற நர்சம்மா உடனே உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் செல்வநாதன் மேஜை மேல் கிடத்திப் பார்த்தார். தூங்கி எழுந்த பயல் டப்பாவைக் கிலுக்கிக்கொண்டு சிரித்தான். ஆடி மாதம் பார்த்த அதே சிரிப்பு.

"இங்க ஒண்ணும் தெரியலையேம்மா" என்றார் டாக்டர்.

"அதான் சாமி, போயிடுச்சு" என்றான் தீர்த்தகிரி.

கெங்கம்மாளுக்கு அப்போதுதான் ஆடி வெள்ளி நினைவுக்கு வந்தது. தண்ணீர்க் குழாய், வெல்லக்கட்டி, வாரிய தலை. அன்றைக்குச் செய்த மடத்தனம் சுருக்கென்று தைத்தது. "சாமி, அன்னைக்கு நான்தான் உள்ள தள்ளிட்டுக் காட்னேன். நாந்தான் பாவி. அழுதா வரும். இவன அழவுட்டாத் தெரியும்" என்றாள்.

"அப்ப அழட்டும்" என்றார் டாக்டர்.

சொல்வது சுலபம். கெங்கம்மாள் முதலில் டப்பாவைப் பிடுங்கினாள். பயல் அம்மா விளையாடுகிறாள் என்று நினைத்துக் கைகொட்டிச் சிரித்தான். தொடையைக் கிள்ளினாள். அதற்கும் சிரித்தான், அம்மா கை வலிக்கச் செய்யும் என்று அவனுக்குத் தெரியாதே! கெங்கம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, திருகிக் கிள்ளினாள். பிள்ளை அவளை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வையைப் பற்றி அவள் கடைசிவரை யாரிடமும் பேசியதில்லை. அப்புறம் அழுதான், கட்டடமே அதிர அழுதான். எலுமிச்சங்காய் அளவில் புடைப்பு வந்து நின்றது. அவள் விரல் நாலும் ஓடின. டாக்டர் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார். "இரும்மா. நான் பார்க்கணும்."

பார்த்து, மெல்ல உள்ளே தள்ளிவிட்டு, சொன்னார்: "குழந்தை வயித்துக்குள்ள இருக்கும்போது இங்க ஒரு சின்ன வழி இருக்கும். பொறக்கற சமயத்துல தானா மூடிக்கும். இவனுக்கு மூடலை. அந்த வழியாத்தான் குடல் எறங்குது. காசு வெச்சு அமுக்கினா வழி மூடாது. சின்னதாக் கீறி, அந்த வழியோட வாயைக் கட்டிட்டாப் போதும்."

"சாமை மூட்டைய வாயக் கட்றா மாதிரியா சாமி?"

"அதேதான். இன்னைக்கு உங்க அதிர்ஷ்டம், தலை கீழ இருந்ததால உள்ள போச்சு. இன்னொரு தடவை சிக்கினா குடல் அழுகிடும்." ரெண்டு நாள் வீக்கம் வடியட்டும், அப்புறம் ஆபரேஷன் என்றார். மூங்கில் தூக்கி வந்த ரங்கன் வெளியே நின்று இதைக் கேட்டு மீசையைத் தடவிக்கொண்டான்.

மூன்றாம் நாள் காலையில் கிருபாவதி ஒரு கத்தரிக்கோலோடு வந்தாள். அரைஞாண் கயிற்றை அறுக்க வேண்டுமாம். தீர்த்தகிரி முதல் தடவையாகக் குரலை உயர்த்தினான். "அர்ணாக்கயிற அறுக்கறது பொணத்துக்கு! என் புள்ளைக்கு அறுக்காத!" கயிறோ இரண்டு வருஷத்து எண்ணெயும் வியர்வையும் ஏறி இறுகிக் கிடந்தது. கெங்கம்மாள் குனிந்தாள். முடிச்சைப் பல்லால் கடித்து, இழுத்து, ஈறில் ரத்தம் வர ஒவ்வொரு புரியாக அவிழ்த்தாள். "அறுக்கல. அவுத்துட்டேன்" என்று கயிற்றையும் காசையும் அவன் கையில் கொடுத்தாள். அவன் இரண்டையும் வேட்டி முனையில் முடிந்துகொண்டான்.

அன்று விடிந்ததில் இருந்து பயலுக்குப் பச்சைத் தண்ணீர் கூடக் கொடுக்கக் கூடாது என்று கட்டளை. பசியில் அழுதான். வெல்லம் மடியில் இருந்தது, கொடுக்க முடியாது. இரண்டு மணி நேரம் நாலு விரலால் அந்த இடத்தை அமுக்கிக்கொண்டே, அவனோடு சேர்ந்து பட்டினியாக உட்கார்ந்திருந்தாள். அப்புறம் தூக்கிக்கொண்டு போனார்கள், கதவு சாத்திக்கொண்டது.

சத்தமே இல்லை. பயல் சத்தம் போடாமல் இருக்க வேண்டும் என்று இரண்டு வருஷமாக எல்லாச் சாமிக்கும் வேண்டிக்கொண்டவள் அவள். இப்போது அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. கதவில் காதை வைத்தாள். வேப்பமரத்தடிக்குப் போனாள், திரும்பி வந்தாள். 'அழுடா, ஒரு தரம் அழுடா ராசா' என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள். மாணிக்கம்மாள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, கொட்டை உரசாமல் இறுக்கிப் பிடித்தபடி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கிருபாவதி பிள்ளையைக் கொண்டுவந்து படுக்கையில் போட்டாள். வெகு நேரம் கழித்து உதடு பிதுங்கிற்று. பிறகு அழுகை வந்தது. கெங்கம்மாளின் கை பாய்ந்தது. விரலில் கட்டுத் துணிதான் பட்டது. அழுகை ஏறியது, அங்கே ஒன்றும் எழவில்லை. "அழட்டும்மா. இனிமே ஒண்ணும் வராது" என்றாள் கிருபாவதி. கெங்கம்மாள் அவள் காலடியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

எட்டாம் நாள் ஊருக்கு ஏறினார்கள். புதுக் கயிறு கட்டி, பொங்கல் வைத்தார்கள். கீறின இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. பெரியம்மாள் பழக்கதோஷத்தில் சேவலைக் கவிழ்த்துத்தான் வைத்திருந்தாள்.

கொஞ்ச நாள் போனது. ஒரு மத்தியானம் மாணிக்கம்மாள் வாசலில் புளியங்கொட்டைகளைப் பரப்பி எண்ணிக்கொண்டிருந்தாள். சின்னராசு போய்க் கை நீட்டினான். அவள் கேட்கக் கூட இல்லை. எல்லாவற்றையும் அள்ளிப் போட்டு டப்பாவைக் கொடுத்துவிட்டு, கொட்டினால் பொறுக்குவதற்குத் தயாராகக் குந்தினாள். உள்ளே இருந்து பார்த்த கெங்கம்மாளுக்கு நெஞ்சில் அடித்த மாதிரி இருந்தது. மகனைப் பார்த்துப் பார்த்தே இருந்துவிட்டோமே, இந்தப் பெண்ணை எத்தனை நாளாகப் பார்க்கவில்லை!

வெளியே வந்தாள். மகன் கையில் இருந்து டப்பாவை வாங்கி மகள் கையில் வைத்தாள். "இது அக்காது" என்றாள்.

பயல் தரையில் விழுந்து புரண்டு அழுதான். பெரியம்மாள் ஓடி வந்தாள், ரங்கன் ஓடி வந்தான், கொல்லையில் இருந்து தீர்த்தகிரி களைக்கொத்தும் கையுமாக ஓடி வந்தான். கெங்கம்மாளின் வலது கை எழுந்தது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"அழுவட்டும் வுடுங்க" என்றாள்.

மாணிக்கம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. டப்பாவைத் தம்பி பக்கம் நீட்டினாள், அம்மா வேண்டாமென்று தலையாட்டவே இழுத்துக்கொண்டாள். சுற்றி நின்ற எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். அப்புறம் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாயைத் திறந்து அவளும் அழ ஆரம்பித்தாள். தம்பியைவிடச் சத்தமாக அழுதாள். அன்று சாயங்காலம்வரை அழுதாள். வாயை மூடு என்று யாரும் சொல்லவில்லை.